இது யார் கால்?

என் அண்ணன் யாரையும் லேசில் நம்பமாட்டார். கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால், "அப்படிச் சொல்றதுல அவனுக்கு என்ன லாபம்?" என்று கேட்பார். நான் அவருடைய கூடப்பிறந்த தங்கை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நான் ஆடும் நாடகமோ என்று நெற்றி, கழுத்து, அக்குள் என்று எல்லா இடத்திலும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டார்.

இந்தக் குணத்துக்கு ஏற்ற தொழில் அவருக்கு வாய்த்தது. வண்டிகளுக்குக் கிளட்ச் வேலை. கீழே ஷெட், மேலே வீடு, பக்கவாட்டில் ஏறிப்போக இரும்புப் படி. ஷெட்டின் முன்பக்கம் ஒரு தடுப்பு போட்டு, கேபிள், பேரிங், நட்டு, போல்ட் விற்கும் கவுன்டரில் நான் உட்காருவேன். என் வீடு அடுத்த தெருவில். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் நான் இங்கே வந்துவிடுவேன்.

கிளட்ச் என்றால் என்ன என்று கேட்டு அவரிடம் யாரும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஆரம்பித்துவிடுவார். "இஞ்சின் சுத்திக்கிட்டே இருக்கும். ஆனா வண்டி நிக்கணும், நகரணும், கியர் மாத்தணும். அதுக்குத்தான் நடுவுல ஒரு பிளேட். இஞ்சினோட சக்கரத்துல இந்த பிளேட்டை ஸ்ப்ரிங் வச்சு அழுத்தி வச்சிருக்கோம். அழுத்தினா ரெண்டும் ஒண்ணாச் சுத்தும். நீ பெடலை மிதிச்சா ஸ்ப்ரிங் விலகும், பிளேட் தனியா நிக்கும். பிடிக்கிறது பெடல் இல்லப்பா, ஸ்ப்ரிங்கு. பெடல் விடறதுக்குத்தான். அது தெரியாம முக்காவாசிப் பேர் பெடல் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டறான். பிளேட் பிடிச்சும் பிடிக்காம வழுக்கும், சூடாகும், கருகும். அப்புறம் என்கிட்ட வந்து அழுவான்."

வழுக்கிய பிளேட் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும். அதை அழுத்தும் இரும்பில் சூட்டால் நீலம் பூத்திருக்கும். பெடலைப் படீரென்று விடுகிறவனின் பிளேட்டில் நடு ஸ்ப்ரிங்குகள் ஆடும். மேட்டில் பிரேக் பிடிக்கச் சோம்பல்பட்டு அரைக் கிளட்சில் நிற்கிறவனின் பிளேட் வாசனையே வேறு. இதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. பிளேட்டைத் திருப்பிப் பார்த்தே, ஓட்டியவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவார். ஷெட்டின் பின்சுவரில் வாடிக்கையாக வரும் டிரைவர்களுக்கு ஆளுக்கொரு ஆணி. கழற்றிய பழைய பிளேட்டை அதில் மாட்டி, மேலே சாக்பீஸால் பட்டப்பெயர் எழுதிவைப்பார். அவசரக்குடுக்கை, தூங்குமூஞ்சி, ஊர்வலம். வந்தவர்கள் தங்கள் ஆணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அவருக்குக் கல்யாணம் ஆனதே ஒரு பிளேட்டால்தான். மெத்தைக் கம்பெனி வேன் ஒன்று கியர்பாக்ஸ் சத்தத்துக்காக வந்தது. கழற்றினார். பிளேட் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே சீராக, கையில் பழகிய சோப்பு மாதிரித் தேய்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை, நீலம் இல்லை. அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். "இது யார் கால்?" என்றார். வேனை ஓட்டிவந்த பெண் முன்னால் வந்து, "ஏன், என்ன தப்பு?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவள்தான் அண்ணி. நல்ல உயரம், குரலும் உயரம். உலகத்தில் யாரையும் நம்பாத என் அண்ணன், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தக் காலை நம்பிவிட்டார். அண்ணிக்கு அடித்த ஆணி சுவரில் எல்லோருக்கும் மேலே இருக்கிறது.

அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையை அண்ணி எடுத்துக்கொண்டாள். அந்த வேன்தான் அவளுக்கு எல்லாம். உடம்பு சரியில்லை என்றாலும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் தேறிவிடுவாள். கோபம் வந்தால் வேனைக் கழுவுவாள். வேன் இல்லாத அண்ணியை என்னால் நினைத்தே பார்க்க முடியாது. அண்ணன் இதற்கு நேரெதிர். ஊர் கிளட்சையெல்லாம் சரிசெய்கிற மனிதர் வண்டியை எடுத்தால் தவளை மாதிரிக் குதிக்கும்.

விவகாரம் ஆரம்பித்தது அண்ணியின் பிளேட்டில்தான். "மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்று ஒருநாள் வேனை ஷெட்டுக்குள் விட்டாள். புதுப் பிளேட் போட்டு அதிக நாள் ஆகவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே கழற்றினார். கழற்றியதும் சிரிப்பு நின்றது. பிளேட் பளபளத்துக் கருகியிருந்தது. இரும்பில் திட்டுத் திட்டாக நீலம். பெடலோடு சேர்ந்த பேரிங் அரைபட்டுக் கரகரத்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனார். அங்கே 'ஹாரன்' என்று எழுதியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஹாரன் என்பவன் மாற்று டிரைவர். சொந்தமாக வண்டி கிடையாது. மற்றவர்கள் லீவு போட்டால் அவர்கள் வண்டியை ஓட்டுவான். குள்ளமான ஆள், வாயாடி. எதிரே சுவர் இருந்தாலும் ஹாரன் அடிப்பான். கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுக்கவேமாட்டான். அவன் தொட்ட வண்டி கொஞ்ச நாளில் எங்கள் ஷெட்டுக்கு வந்துதான் தீரும். ஆணியில் தொங்கிய அவன் பிளேட்டும் அண்ணியின் பிளேட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"இது யார் கால்?" என்றார் அண்ணன், தனக்குத்தானே.

மேலே போய் அண்ணியிடம் கேட்டிருக்கிறார். நான் கவுன்டரில் இருந்தாலும் இரும்புப் படி வழியாக எல்லாம் காதில் விழும்.

"வண்டிய வேற யாராவது ஓட்டறாங்களா?"

"இல்லையே. என் வண்டிய நான் எதுக்கு இன்னொருத்தர்கிட்ட கொடுக்கறேன்?"

"பிளேட் கருகியிருக்கு."

"மட்டமான பிளேட்டா இருக்கும்ங்க."

அந்தப் பிளேட்டைக் கவுன்டரிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். தட்டிப்பார்த்து, தடவிப்பார்த்துப் போட்டவர் அண்ணன். எங்கள் அடிமடியிலேயே கைவைத்துவிட்டாள் என்று எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் இறங்கி வந்தார்.

"அவ காலு பொய் சொல்லாது" என்றார் என்னிடம். "இந்தக் கால் அவளுது இல்ல. அப்போ வாய்தான் பொய் சொல்லுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண்டாட்டியின் காலை நம்புகிறார், வார்த்தையை நம்பவில்லை. இப்படி ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்வி என் மண்டையிலும் புழுவாகப் புகுந்துகொண்டது. "ஹாரன் வண்டிய ஓட்டறான்னா, அந்த நேரத்துல இவ எங்க போறா?"

புதுப் பிளேட் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது டிரைவர் சீட்டைப் பார்த்தார். அண்ணி உயரமானவள், அவள் சீட் எப்போதும் கடைசி வரை பின்னால் தள்ளியிருக்கும். இப்போது முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. அண்ணன் சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளி, சீட் நகரும் தண்டவாளத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மறுநாள் சாயங்காலம் வேன் திரும்பி வந்ததும் குனிந்து பார்த்தார். சீட் கோட்டைத் தாண்டி முன்னால் வந்திருந்தது.

"குள்ளமான ஆளு" என்றார்.

நான் மட்டும் யோக்கியமா? அன்றிலிருந்து நானும் அண்ணியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். மதியத்தில் கீழே இறங்கி வந்து என்னோடு அரட்டை அடிக்கிறவள், இப்போது வருவதில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட என்னை அனுப்பினாள். ஒருநாள் வேனை நிறுத்திவிட்டுக் கவுன்டருக்கு வந்து நின்றாள். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை.

"அண்ணி, செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "அட, ஏதோ யோசனை" என்றாள். செருப்பு வேனுக்குப் பக்கத்தில் நடுரோட்டில் கிடந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வருகிறாள் என்றால் மனசு எங்கேயோ இருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். நல்லவேளையாக அதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவர் பொங்கிக்கொண்டுதான் இருந்தார்.

பொங்கியது ஒரு காலையில் வழிந்தது. ஹாரன் யாருடைய வேனையோ கேபிள் மாற்றக் கொண்டுவந்தான். ஷெட் வாசலில் இன்னும் சில டிரைவர்கள் நின்றிருந்தார்கள். "அண்ணே, உங்க ஆணி என்னையவே மொறைச்சுப் பார்க்குது" என்று வழக்கம்போல் ஆரம்பித்தான். அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டார்.

"என் வீட்டுக்காரி வண்டில உனக்கென்னடா வேலை?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹாரன் முழித்தான். "எந்த வண்டி அண்ணே?"

"பிளேட் சொல்லுது. சீட் சொல்லுது. நீ சொல்லமாட்டியா?"

"அண்ணே, அக்கா வண்டியோட கதவைக்கூட நான் தொட்டதில்ல."

"அக்காவாம் அக்கா!" என்றார் அண்ணன்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் மனதில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. ஹாரன் கேபிளும் மாற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனையில் திரும்பும்போதுகூட ஹாரன் அடிக்கவில்லை.

வாசலில் நின்ற வாய்கள் சும்மா இருக்குமா? அண்ணி வேனை வேறு யாரோ ஓட்டுகிறார்கள் என்ற பேச்சு பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. பிள்ளைகளை ஏற்றும் வண்டியை, பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல் இன்னொருவர் ஓட்டினால் விடுவார்களா? மேனேஜர் அம்மா போன் செய்தார். நாளைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் தன்னை வந்து பார்க்கவேண்டும், சரியான பதில் இல்லையென்றால் வேன் ஓடாது என்றார்.

அண்ணிக்கு வேன் போனால் உயிர் போன மாதிரி. அவள் அண்ணனைத் திட்டுவாள், பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவளோ சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சத்தியமா யார்கிட்டயும் கொடுக்கல" என்று மட்டும் சொன்னாள். அந்த அமைதியும் எங்களுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஸ்கூட்டரை எடு. அவ பின்னாடி போறோம். மேனேஜரைப் பார்க்கறதுக்கு முன்னாடி கையும் களவுமா பிடிக்கணும்."

"எதுக்கு இந்தத் திருட்டு வேலை? போய் நேரா கேட்டா என்ன?" என்று எரிந்து விழுந்தேன். விழுந்தேனே தவிர, சாவியை எடுத்தேன். எனக்கும் தெரிந்தாகவேண்டியிருந்தது. கிளட்ச் இல்லாத என் ஸ்கூட்டரை அண்ணன் வண்டியாகவே மதிப்பதில்லை. அன்றைக்கு மூச்சுக் காட்டாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வேன் தெருத் தெருவாகப் பிள்ளைகளை ஏற்றியது. நாங்கள் ஒரு லாரிக்குப் பின்னால், ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் என்று பதுங்கிப் பதுங்கிப் போனோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹாரன் எங்கிருந்தாவது குதிப்பான் என்று பார்த்தோம். யாரும் வரவில்லை. பின்கண்ணாடி வழியாகப் பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே தெரிந்த பெரிய தலை ஒன்றுதான், அண்ணியின் தலை. பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. வேன் எங்களுக்கு நேர் முன்னால். இஞ்சின் உறுமியது, வேன் நகர யோசித்தது. ஏதோ கருகும் வாடை வந்தது. அண்ணனின் கை என் தோளை இறுக்கியது.

"அவதான் ஓட்டறா" என்றார். "அவ ஓட்டும்போதே கருகுது."

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. ஒருவிதத்தில் ஹாரன் வந்து குதித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றது. பிள்ளைகள் கத்திக்கொண்டே இறங்கி உள்ளே ஓடினார்கள். அண்ணி இறங்கவில்லை. நாங்கள் டிரைவர் பக்கத்துக்கு வந்தோம். கதவு திறந்திருந்தது. அண்ணி குனிந்திருந்தாள். இரண்டு கைகளாலும் இடது முழங்காலுக்குக் கீழே பிடித்து, ஏதோ பார்சலைத் தூக்குவதுபோலத் தன் காலைப் பெடலிலிருந்து தூக்கிக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, சரியாக வைத்தோமா என்று குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். எங்களைப் பார்த்தாள்.

"என்ன, பிடிச்சாச்சா?" என்றாள்.

நான்தான், "அண்ணி, காலுக்கு என்ன?" என்றேன்.

"முதல்ல விரல் மரத்துச்சு. அப்புறம் பாதம் பூரா. இப்போ கால் பெடல் மேல இருக்கா, தரையில இருக்கான்னு எனக்கே தெரியறதில்ல. குனிஞ்சு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன். தொடையால அழுத்தணும். அதுக்குத்தான் சீட்டை முன்னாடி போட்டுக்கறேன்."

அந்த ஒத்தைச் செருப்பு என் கண்ணில் வந்து நின்றது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "பிள்ளைங்கள வச்சுக்கிட்டா இப்படி ஓட்டினீங்க? உங்களுக்கு அறிவிருக்கா?" என்று கத்தினேன்.

"இல்லதான்" என்றாள். "நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு ஓட்டினேன். பிரேக் வலது காலுலதானே இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொன்னா உங்க அண்ணன் சாவியைப் பிடுங்கிடுவாரு. அதுக்கப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

பிறகு அண்ணனைப் பார்த்தாள். "நீங்க என்ன நெனைச்சீங்க?"

அண்ணன் ரோட்டைப் பார்த்தார். "ஹாரன்னு நெனைச்சேன்."

அண்ணி சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணி அழ ஆரம்பித்தாள். "அவனா? எனக்கா? ஏங்க, நான் தினம் உங்க கண்ணு முன்னாடிதானே காலை இழுத்துக்கிட்டுப் படியேறினேன்? அது உங்களுக்குத் தெரியல. பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீங்க. மேல வந்து என் காலை ஒரு தடவை பார்த்திருக்கலாமே."

அண்ணன் கை நீட்டினார். அவள் அதைப் பிடிக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவருக்கு அது வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

மேனேஜர் அம்மாவின் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. "வேற ஆள் ஓட்டறாங்களா, இல்லையா?"

"இல்ல" என்றாள் அண்ணி.

"அப்புறம் கிளட்ச் ஏன் இவ்வளவு சீக்கிரம் கருகுது? உங்க வீட்டுக்காரரே எல்லார் முன்னாடியும் கேட்டாராமே?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "தப்பு என்னோடதுங்க. பிளேட்டை நான் சரியா மாட்டல. பெடல் கொஞ்சம் தளர்வா ஆட இடம் விட்டு வைக்கணும், விடாம இறுக்கிட்டேன். அதான் கருகிப்போச்சு. அதை மறைக்க அவன் மேல பழியைப் போட்டேன்."

நான் அசந்துபோனேன். யார் பொய் சொன்னாலும் முகத்தில் அடித்தமாதிரிக் கேட்கிற மனிதர், கூசாமல் பொய் சொல்கிறார். அதுவும் தன் வேலையில் கைத்தப்பு என்று. இந்தப் பேச்சு வெளியே போனால் ஷெட்டுக்கு எவன் வருவான்? ஆனால் இந்தப் பொய் நின்றுவிட்டால் அண்ணிக்கு வேன் இருக்கும். மேனேஜர் அம்மா நம்பிவிட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"அவர் பொய் சொல்றாரும்மா" என்றாள். "அவர் வேலைல தப்பு வராது. எங்க வேணா கேட்டுப் பாருங்க. கருகினது என் காலாலதான். எனக்கு இடது கால் மரத்துப்போச்சு. இனிமே நான் ஓட்டக் கூடாது."

சொல்லிவிட்டு வேன் சாவியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். மேனேஜர் அம்மா அவள் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. "வேன் ஓடட்டும். ஆனா சாயங்காலம் பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் வேணும். எங்க பதிவுல இருக்கற மாற்று டிரைவர் ஒருத்தர்தான்."

அது யார் என்று யாரும் கேட்கவில்லை.

வேன்கள் நிற்கும் இடத்தில் ஹாரன் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தான். அண்ணன் அவன் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "என் வீட்டுக்காரி வண்டிய நீதான் ஓட்டணும்."

ஹாரன் சுற்றுமுற்றும் பார்த்தான். அன்றைக்கு ஷெட் வாசலில் நின்ற அதே டிரைவர்கள்தான் அங்கேயும் இருந்தார்கள். "அண்ணே, அன்னைக்குச் சத்தமாத்தானே கேட்டீங்க? இதையும் சத்தமாச் சொல்லுங்க."

அண்ணன் சத்தமாகச் சொன்னார். "என் வீட்டுக்காரி வண்டிய நீதான் ஓட்டணும். அன்னைக்கு நான் சொன்னது அபாண்டம்." அவர் காது சிவந்துபோயிருந்தது. ஹாரன் அதற்குமேல் அவரை வதைக்கவில்லை. "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டான்.

இடுப்பிலிருந்து காலுக்கு வரும் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பயிற்சி செய்தால் நடை கொஞ்சம் தேறலாம், பெடலை மறந்துவிடுங்கள் என்றார். அண்ணி இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேனில் ஹாரனுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகிறாள். முதல்நாள் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அவள் இடது தொடை கீழே அழுந்தியது. அங்கே பெடல் ஏது? வெறும் தரைதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவள் அழவில்லை. "ஏண்டா, நாய்க்குட்டி தூங்கினாக்கூட ஹாரன் அடிப்பியா?" என்று அவனை வறுத்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் ஆகி நாளாகிவிட்டது. போன வாரம் வேனில் ஆயில் ஒழுகுகிறது என்று கியர்பாக்ஸை இறக்கவேண்டியிருந்தது. இறக்கினால் பிளேட்டும் வெளியே வரும். ஹாரன் பக்கத்திலேயே நின்றான். அண்ணன் பிளேட்டை எடுத்துத் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிளேட் ஓரத்திலிருந்து நடு வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. கீறல் இல்லை, நீலம் இல்லை.

"என் ஆணில மாட்டுங்க அண்ணே" என்றான் ஹாரன் பெருமையாக.

அவன் சொன்னது அண்ணன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பினார். "இது யார் கால்?" என்றார்.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். அண்ணி திருட்டுத்தனமாக ஓட்டுகிறாள் என்று நினைக்கிறார். கை சட்டைப்பைக்குப் போனது, சாக்பீஸ் வெளியே வந்தது. வேனின் சீட்டைப் பார்த்தார். சாக்பீஸைப் பார்த்தார். அதைக் கவுன்டரில் என் முன்னால் வைத்துவிட்டு, பிளேட்டோடு இரும்புப் படியில் ஏறினார். நானும் பின்னாலேயே போனேன்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து காலை உருவிவிட்டுக்கொண்டிருந்தாள். கைத்தடி பக்கத்தில் சாய்ந்திருந்தது.

"நீ ஓட்டினியா?" என்று கேட்டார். நேராக, சண்டையில்லாமல்.

"இல்லைங்க. அவன் கால் சும்மா பெடல் மேல போனா, இந்தத் தடியால முட்டில ஒரு தட்டு. முதல்ல தட்டிக்கிட்டே இருந்தேன். இப்போ தடியைத் தொட்டாலே காலை எடுத்துடறான்."

அண்ணன் தலையாட்டினார். பிளேட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கிரீஸ் கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, அவள் இடது காலை எடுத்து மடியில் வைத்தார். குதிகாலை அழுத்தி, "தெரியுதா?" என்றார்.

"இல்ல."

உள்ளங்காலை அழுத்தினார். "இங்க?"

"இல்ல."

பெருவிரலைப் பிடித்து அழுத்தினார். கேட்கவில்லை, அவள் முகத்தை மட்டும் பார்த்தார். அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ம், ஏதோ கொஞ்சம் தெரியற மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கென்னவோ அவள் அதை அவருக்காகத்தான் சொன்னாள் என்று பட்டது. என் அண்ணன் இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கவில்லை.